சகிரிச்சோறும் செடிச்சட்டியும்

 

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் பெருஞ்சாலை வழியாகப் போனால் வழியில் செடி விற்கும் நர்சரிகள் கண்ணில் படும். வரிசை வரிசையாகச் சட்டிகள் இருக்கும். மணி பிளான்ட், அந்தூரியம், ஸ்னேக் பிளான்ட், பன்னச் செடி, குரோட்டன்ஸ் என்று பல வகை. வீட்டு முன்புறத்தில் நான்கு செடிச்சட்டி வைப்பது இப்போது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். ஆகவே செடி வளர்த்து விற்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. பல பெண்கள் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்கிறார்கள்.

வாங்க வருபவர் இலையைப் பார்ப்பார். பூவைப் பார்ப்பார். சட்டிக்குள் என்ன மண் இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. ஆனால் செடி பிழைப்பதும் சாவதும் அந்த மண்ணில்தான் இருக்கிறது. விற்பவரின் லாபமும் நஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. இன்றைய பேச்சு அந்தச் சட்டி மண்ணைப் பற்றியது.

பீட் என்றால் என்ன?

வெளிநாட்டில் செடி வளர்ப்பவர்கள் நீண்ட காலமாக 'பீட்' என்ற பொருளைச் சட்டியில் நிரப்பினார்கள். கடையில் விற்கும் சில மூட்டைகளில் 'பீட் மாஸ்' என்று எழுதியிருக்கும். அது இந்தப் பக்கத்துப் பொருள் அல்ல. கப்பலில் வருவது.

பீட் எப்படி உண்டாகிறது? குளிர் நாடுகளில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் சதுப்பு நிலங்கள் உண்டு. அங்கே ஒரு வகைப் பாசி வளர்கிறது. வளர்ந்து சாகிறது. தண்ணீருக்குள் காற்று புகாது. ஆகவே செத்த பாசி முழுதாக மக்குவதில்லை. அதன் மேல் புதிய பாசி வளர்கிறது. அதுவும் அமுங்குகிறது. இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்த கறுப்புப் பொருள்தான் பீட்.

அது எவ்வளவு வேகத்தில் சேரும் தெரியுமா? ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். ஒரு சாண் உயரம் சேர இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஓர் ஆள் உயரம் சேர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் வெட்டி எடுக்கும் இயந்திரத்துக்கு அது சில நாள் வேலை.

உலக நிலப்பரப்பில் நூற்றில் மூன்று பங்குதான் இந்தப் பீட் நிலம். ஆனாலும் அதற்குள் அடங்கியிருக்கும் கரி, உலகத்தின் எல்லாக் காட்டு மரங்களிலும் இருப்பதைவிட அதிகம். பீட் நிலத்தைத் தோண்டித் தண்ணீரை வடித்தால் காற்று உள்ளே புகுகிறது. உள்ளே இருந்த கரி, கரியமில வாயுவாக மாறி மேலே போகிறது. பூமி சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காய்ந்த பீட் நிலத்தில் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். மண்ணுக்கடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். இந்தோனேசியாவில் 1997-லும் 2015-லும் அப்படி நடந்தது. அந்தப் புகை கடல் தாண்டி மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடியது. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் அந்தப் புகையைச் சுவாசித்தன.

இந்தியாவிலும் இப்படிப்பட்ட நிலம் கொஞ்சம் உண்டு. நீலகிரி மலையின் பள்ளங்களில் இருக்கிறது. அந்தச் சதுப்பு மண்ணைப் பரிசோதித்த அறிவியலாளர்கள், இருபதாயிரம் ஆண்டுகளாக அங்கே மழையும் வறட்சியும் மாறி மாறி வந்த கதையை அதிலிருந்து கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது. மழை நீரைக் குடித்து வைத்து, கோடையில் ஓடைக்கு விடுகிற நிலம் அது. சட்டியில் நிரப்புவதற்கு உரிய மண் அல்ல.

அயர்லாந்து என்ற நாட்டில் பீட் வெட்டுவதற்கென்றே 1946-ல் ஓர் அரசு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பெயர் போர்டு நா மோனா. அந்த நிறுவனமே 2021 ஜனவரியில், இனி பீட் வெட்டுவதில்லை என்று அறிவித்தது. வெட்டிய நிலங்களில் மறுபடியும் தண்ணீர் நிற்கச் செய்யும் வேலையில் இறங்கியது.

அப்படியானால் பீட்டுக்குப் பதிலாகச் சட்டியில் எதைப் போடுவது? உலகம் தேடிக் கண்டுபிடித்த பொருள்களில் ஒன்று இந்த ஊர்த் தென்னந்தோப்பிலேயே இருக்கிறது.

எறிகிற சோறு

தேங்காய் மட்டையை இந்தப் பக்கத்தில் தொண்டு என்று சொல்வார்கள். நாகர்கோவில் பக்கம் போனால் கதம்பை என்பார்கள். தொண்டை அடித்தால் தும்பு கிடைக்கும். தும்பைத் திரித்தால் கயிறு. உலகம் முழுவதும் 'காயர்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் 'கயிறு' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

தும்பு எடுக்கும்போது பழுப்பு நிறத்தில் பொடியாக உதிர்வதைச் சகிரிச்சோறு என்கிறார்கள். தமிழ்நாட்டில் நார்க்கழிவு என்றும் நார்த்தூள் என்றும் சொல்வார்கள். ஒரு கிலோ தும்பு எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ சோறு மிஞ்சும். அதாவது, எடுக்கும் பொருளைவிட எறியும் பொருள் இரண்டு மடங்கு.

அந்தக் காலத்தில் தொண்டைக் காயலில் பல மாதங்கள் ஊறப்போட்டு, பெண்கள் கையால் தல்லித் தும்பு எடுத்தார்கள். அஞ்சுதெங்குக் கயிறு அப்படித்தான் பெயர் பெற்றது. பிறகு தொண்டு அடிக்கும் மில்கள் வந்தன. மில்லுக்குப் பக்கத்தில் சோறு மலைபோலக் குவிந்தது. மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வழியும். அது ஓடையிலும் கிணற்றிலும் இறங்கும். கோடையில் யாராவது தீ வைத்தால் நாள்கணக்கில் புகையும். இந்தச் சோறு எளிதில் மக்காது. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இப்போது இதே சோறு ஏற்றுமதி ஆகிறது. கயிறு வாரியத்தின் கணக்குப்படி 2019–20-ஆம் ஆண்டில் இந்தியா ஏறக்குறைய 2,757 கோடி ரூபாய்க்குத் தென்னை நார்ப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பியது. அதில் ஏறக்குறைய பாதிப் பணம் சகிரிச்சோறு விற்றுக் கிடைத்தது. வெளிநாட்டார் அதைச் சட்டியில் போட்டுச் செடி வளர்க்கிறார்கள். இங்கே எறிந்த பொருளை அங்கே விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

பெயரில் ஒரு குழப்பம்

கடையில் சகிரிச்சோற்றை அழுத்திக் கட்டியாக்கி விற்கிறார்கள். அதன் மேல் 'கோகோ பீட்' என்று எழுதியிருக்கும். பெயரில் பீட் இருக்கிறது. உள்ளே பீட் இல்லை. அது முழுக்க முழுக்கத் தேங்காய்ச் சோறு.

'பீட் மாஸ்' என்று எழுதியிருந்தால் அதுதான் சதுப்பு நிலத்தை வெட்டி எடுத்தது. 'பாட்டிங் மிக்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சின்ன எழுத்தில் இருக்கும். நிதானமாக எழுத்துக் கூட்டிப் படியுங்கள். விளங்காவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். பணம் கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

பச்சைச் சோறு செடிக்கு ஆகாது

"சோறுதானே, மில்லிலிருந்து அள்ளி வந்து சட்டியில் போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு வாரத்தில் இலை மஞ்சளாகிறது. வேர் பிடிக்காமல் கம்பு அழுகுகிறது. "சோறு உதவாது" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். குற்றம் சோற்றின் மேல் அல்ல. அதைப் பக்குவப்படுத்தாமல் போட்டதுதான் காரணம்.

பச்சைச் சோற்றில் மூன்று குறைகள் உண்டு.

முதல் குறை உப்பு. கடற்கரைத் தென்னையின் தொண்டிலும், உப்புக் காயலில் ஊறிய தொண்டிலும் உப்பு அதிகம். அது இளம் வேரைக் கருக்கிவிடும்.

இரண்டாவது குறை துவர்ப்பு. அந்தத் தேயிலை நிறச் சாயம்தான் அது. வேர் விடுவதை அது தடுக்கும்.

மூன்றாவது குறை தழைச்சத்துப் பற்றாக்குறை. பச்சைச் சோற்றில் கரி 112 பங்கு இருந்தால் தழைச்சத்து ஒரே ஒரு பங்குதான் இருக்கும். சட்டிக்குள் அது மக்கத் தொடங்கும்போது, அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்கு உரிய தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும்.

ஆகவே கழுவ வேண்டும். மக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சட்டி.

கழுவும் முறை

சோற்றை ஒரு தொட்டியிலோ பெரிய பாத்திரத்திலோ போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் ஊறட்டும். மறுநாள் பிழிந்து எடுங்கள். மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் சாயம் நன்றாகக் குறையும்.

தண்ணீர் விலைக்கு வாங்கும் வீட்டில் இது முடியாது. அவர்களுக்கு மழை இருக்கிறது. எடவப்பாதி மழை தொடங்கும் முன்னே சோற்றை முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் மழையே கழுவிக் கொடுக்கும். சுற்றிலும் செங்கல் வைத்து அடைத்தால் சோறு அடித்துப் போகாது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் பெரிய அளவில் சோறு கழுவியபோது, கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிப்போனது என்று உழவர்கள் புகார் சொன்னார்கள். 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார் ஆலைகளை வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. அதாவது, கண்காணிக்க வேண்டிய தொழில் என்று வைத்தது. சதுப்பு நிலத்தைக் காப்பாற்றப் போய்ப் பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கெடுத்தால் அது நியாயம் ஆகுமா?

வீட்டளவில் கழுவுவதானால் அந்தத் தண்ணீரைத் தென்னந்தடத்தில் விடுங்கள். தென்னை உப்பைத் தாங்கும். ஒரே மரத்துக்கு ஊற்றாமல் பல மரங்களுக்குப் பங்கிட்டு ஊற்றுங்கள். கிணற்றுப் பக்கமும் ஓடைப் பக்கமும் போக விடாதீர்கள்.

மக்க வைக்கும் முறை

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. கயிறு வாரியமும் இதே போன்ற வழியைப் பரப்பியிருக்கிறது. இந்த வாரியம் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. ஆலப்புழை அருகே கலவூரில் அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இந்த வழியில் வேலை செய்வது சிப்பிக் காளான். சாப்பிடுகிற அதே காளான்தான். சோற்றில் உள்ள கடினமான பகுதியைத் தின்று மக்கச் செய்யும் சக்தி அதற்கு உண்டு.

ஒரு டன் சோற்றுக்கு ஐந்து புட்டிக் காளான் விதையும் ஐந்து கிலோ யூரியாவும் வேண்டும். வீட்டில் 100 கிலோ சோறு போதும் என்றால் அரைப் புட்டிக் காளான் விதையும் அரைக் கிலோ யூரியாவும் போதும். செய்யும் வழி இதுதான்.

நிழலான மேட்டு இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்துக் கிலோ சோற்றைப் பரப்புங்கள். அதன் மேல் கொஞ்சம் காளான் விதையைத் தூவுங்கள். அடுத்த பத்துக் கிலோவைப் பரப்பி அதன் மேல் 100 கிராம் யூரியா தூவுங்கள். இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்குப் போடுங்கள். காளான் விதை ஐந்து அடுக்கில், யூரியா ஐந்து அடுக்கில். குவியல் ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள்.

ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் பக்குவமாகும். எப்படித் தெரியும்? குவியல் தாழ்ந்திருக்கும். பழுப்பு நிறம் கறுப்பாக மாறியிருக்கும். கையில் எடுத்து முகர்ந்தால் முதல் மழை பெய்த மண் வாசனை வரும். முன்பு 112 பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்று இருந்தது அல்லவா? இப்போது 24 பங்குக்கு ஒரு பங்கு என்று மாறிவிடும்.

சந்தேகம் இருந்தால் பயறு போட்டுப் பாருங்கள். ஒரு சிரட்டையில் மக்கிய சோற்றை நிரப்பிப் பத்துச் சிறுபயறு விதையுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். எட்டு, ஒன்பது பயறு முளைத்து இலை பச்சையாக இருந்தால் சோறு தயார். முளை கருகினால் இன்னும் ஒரு முறை கழுவுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை. ஐம்பது செடியைக் காப்பாற்றும்.

காளான் விதை எங்கே கிடைக்கும் என்று பஞ்சாயத்தில் உள்ள கிருஷி பவனில் விசாரியுங்கள். கிருஷி பவன்கள் 1987-ல் தொடங்கியவை. வெள்ளாயணியில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வெள்ளநாட்டில் மித்ரநிகேதன் நடத்தும் கிருஷி விஞ்ஞான கேந்திரம் இருக்கிறது. இரண்டும் இந்த மாவட்டத்திலேயே உள்ளவை.

சட்டியில் நிரப்பும் கலவை

மக்கிய சோறு இரண்டு பங்கு எடுங்கள். மக்கிய சாணி எரு ஒரு பங்கு. உடைத்த செங்கல் துண்டும் செம்மண்ணும் சேர்த்து ஒரு பங்கு. இவற்றோடு ஒரு கை உமிக்கரியும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்துப் பிசறுங்கள். பல் தேய்க்கும் அதே உமிக்கரிதான்.

ஆற்று மணல் வேண்டாம். மணல் அள்ளி அள்ளி நெய்யாறு பட்ட பாடு இந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். ஆற்று மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்த 2001-ல் கேரளத்தில் சட்டமே வந்தது. தண்ணீர் வடிவதற்குத்தான் மணல் சேர்ப்பார்கள். அந்த வேலையைச் செங்கல் துண்டு செய்துவிடும்.

அந்தூரியத்துக்கும் ஆர்க்கிடுக்கும் இந்தக் கலவை ஆகாது. அவற்றின் வேருக்குக் காற்று நிறைய வேண்டும். தொண்டையே சிறு துண்டாக நறுக்கி, ஊறவைத்துக் கழுவி, ஓட்டுத் துண்டும் கரித்துண்டும் சேர்த்துப் போடுங்கள்.

தண்ணீர் ஊற்றும்போது கவனம் தேவை. சோறு தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடித்து வைக்கும். மேலே காய்ந்தது போலத் தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். மேல் நிறத்தைப் பார்த்துத் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். சட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். கனமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது.

சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு அந்தத் தண்ணீரில்தான் முட்டை இடும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் துடைத்து வையுங்கள்.

கணக்கு எழுதுங்கள்

செடி விற்கும் பலர் கணக்கு எழுதுவதில்லை. கையில் காசு புரளும். லாபமா நஷ்டமா என்று தெரியாது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கைப் பாருங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் வழி மாறாது.

ஒரு பெண் 50 சட்டி மணி பிளான்ட் வைக்கிறார் என்று கொள்ளுங்கள்.

சட்டி 50-க்கு, ஒன்று 6 ரூபாய் வீதம்: 300 ரூபாய்
சோறு கொண்டுவரும் வண்டிக் கூலி: 200 ரூபாய்
சாணி எரு: 150 ரூபாய்
யூரியா, பிண்ணாக்கு முதலியவை: 50 ரூபாய்
தாய்ச் செடி: 200 ரூபாய்
மொத்தச் செலவு: 900 ரூபாய்

ஐம்பதும் பிழைக்காது. 40 பிழைக்கிறது என்று வைப்போம். ஒன்று 50 ரூபாய்க்கு விற்றால் 2,000 ரூபாய். செலவு 900 போக மீதி 1,100 ரூபாய்.

இதோடு கணக்கு முடியவில்லை. அந்தப் பெண்ணின் உழைப்பு எங்கே? தினம் அரை மணி நேரம், 60 நாள். மொத்தம் 30 மணி நேரம். 1,100 ரூபாயை 30-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 36 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வீட்டு வேலைக்கு நடுவே கிடைக்கும் கைச்செலவுப் பணம் அது. பெரிய வருமானம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

இப்போது இன்னொரு கணக்கு. அவசரப்பட்டுப் பச்சைச் சோற்றைப் போட்டதால் 25 செடிதான் பிழைத்தது. வரவு 1,250 ரூபாய். செலவு அதே 900. மீதி 350 ரூபாய். ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது 12 ரூபாய்கூட இல்லை. வாங்கிப் போனவர் வீட்டிலும் செடி வாடினால் அவர் மறுபடி வரமாட்டார். நால்வரிடம் சொல்லவும் செய்வார். இரண்டு மாதம் பொறுத்ததற்கும் பொறுக்காததற்கும் இதுதான் வித்தியாசம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. எந்தச் செடி எத்தனை வைத்தது, எத்தனை செத்தது, எந்தத் தேதி, எல்லாம் எழுதுங்கள். கற்ற எழுத்து கையில் காசாக மாறும் இடம் இது.

சேர்ந்து செய்தால்

ஒருவர் வண்டி பிடித்துச் சோறு கொண்டுவந்தால் கூலி அதிகம். பத்துப் பேர் சேர்ந்தால் பங்கு குறையும். குடும்பஸ்ரீ 1998-ல் தொடங்கியது. அதன் அயல்கூட்டம் இந்த ஊர்களில் இருக்கிறது. எல்லை தாண்டிக் களியக்காவிளைப் பக்கம் போனால் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஒரு குழு ஒரே இடத்தில் சோற்றைக் கழுவி மக்க வைக்கலாம். அவரவர் வீட்டில் செடி வளர்க்கலாம். கழுவிய தண்ணீரையும் ஒரே தென்னந்தோப்புக்கு ஒழுங்காக விடலாம். செடி வைக்க இடம் இல்லாதவர் மக்கிய சோற்றையே பையில் போட்டு விற்கலாம்.

விற்கும் செடியில் ஒரு சீட்டுக் கட்டுங்கள். இந்தப் பக்கம் மலையாளம் படிப்பவரும் உண்டு. தமிழ் படிப்பவரும் உண்டு. இரண்டு மொழியிலும் எழுதுங்கள். செடியின் பெயர், சட்டியில் வைத்த தேதி, வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர், வெயிலா நிழலா என்று எழுதுங்கள். "மக்கிய சகிரிச்சோற்றில் வளர்ந்தது. பீட் இல்லை" என்றும் எழுதுங்கள். உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

சில அழகுச் செடிகளில் நஞ்சு உண்டு. டைபன்பேக்கியா என்ற பெரிய புள்ளி இலைச் செடியைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். மணி பிளான்ட் இலையும் கடித்தால் எரியும். "குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று சீட்டில் எழுதுவது விற்பவரின் கடமை.

காட்டுச் செடி வேண்டாம்

கடைசியாக ஒரு செய்தி. நெய்யாறு பிறக்கும் அகத்திய மலையில் ஓர் ஆர்க்கிட் இருக்கிறது. மஞ்சள் பூ. பூவின் ஓர் இதழ் செருப்பின் முன்பக்கம் போலக் குவிந்திருக்கும். உலகத்தில் அந்த மலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி அது. அதன் அழகே அதற்குப் பகையானது. செடி சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கி அது காட்டில் மிக அரிதாகிவிட்டது. இப்போது அதைச் சட்டம் பாதுகாக்கிறது.

காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கம்பு வெட்டி நட்டோ, பக்கக் கன்று பிரித்தோ, பதியன் போட்டோ பெருக்கிய செடியை மட்டும் விற்பனைக்கு வையுங்கள். ஒரு தாய்ச் செடி ஒழுங்காக இருந்தால் ஆண்டு முழுவதும் கன்று கொடுக்கும்.

சதுப்பு நிலத்தை வெட்டாமல், ஆற்று மணலை அள்ளாமல், கிணற்றைக் கெடுக்காமல், காட்டைப் பறிக்காமல் ஒரு செடிச்சட்டியை நிரப்ப முடியும். அதற்கு வேண்டியது மில் பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. கழுவத் தண்ணீரும், மக்க வைக்க இரண்டு மாதப் பொறுமையும் மட்டும் சேர்க்க வேண்டும்.

பேச்சு முடிந்ததும் கூடி உட்கார்ந்து சில கேள்விகளைப் பேசிப் பாருங்கள். இந்த ஊரில் தொண்டு அடிக்கும் மில் எங்கே இருக்கிறது? அங்கே சோற்றை என்ன செய்கிறார்கள்? மழைத் தண்ணீர் அந்தக் குவியலிலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது? எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு வண்டிச் சோறு கொண்டுவரலாம்? பதிலை ஒருவர் நோட்டில் எழுதட்டும். எடவப்பாதி வருவதற்கு முன்னே வேலையைத் தொடங்கிவிடலாம்.